டை காயும் வரை

போன் அலறியது!

சலூன் நாற்காலியில், தலையில் பாதிக்கு டை பூசிய கோலத்தில், இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறந்தார்.

"காதுல வச்சா கறை பட்டுடும்யா. ஸ்பீக்கர்ல போடு!"

சலூன்காரர் தட்டினார்.

"சார்... அந்த ரத்தப் பரிசோதனை லேப் பொண்ணு..." பெண் எஸ்.ஐ.யின் குரல் சலூன் முழுக்க ஒலித்தது. "கொன்னுட்டான் சார்!"

முடி வெட்ட வந்த நாலு பேரும் வாயைப் பிளந்தார்கள்.

பாதி கறுப்பும் பாதி நரையுமாக இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார்.

*

இரண்டாவது மாடி. ஒற்றை அறை.

சமையல் மேடைக்குக் கீழே அவள் கிடந்தாள். கழுத்தில் துணி காயப்போடும் நைலான் கயிறு.

அடி தாங்காமல் புருஷனை விட்டு ஓடி வந்தவள். 'எங்க போனாலும் தேடி வந்து கொல்லுவேன்' என்று அவன் மிரட்டியதை இதே இன்ஸ்பெக்டரிடம்தான் புகாராக எழுதிக் கொடுத்திருந்தாள்.

எஸ்.ஐ. அவளுடைய செல்போனைப் புரட்டினாள்.

"வேலையை மாத்திட்டா. புது சிம். லொகேஷன் ஆஃப். வாட்ஸ்அப்ல போட்டோ கூட இல்ல. ஆன்லைன்ல ஒரு சோப்பு கூட வாங்கல சார். பாவம், எவ்வளவு பயந்திருந்தா இப்படி ஒளிஞ்சிருப்பா!"

"அப்புறம் எப்படிம்மா அட்ரஸ் அவனுக்குப் போச்சு? யாருக்குத் தெரியும்?"

"அவ அண்ணனுக்கு மட்டும்தான் சார்."

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"மச்சானோட சேர்ந்து தண்ணி போட்டு உளறினியா?"

"ஐயோ சார்! நான் குடிக்கவே மாட்டேன். போன சனிக்கிழமை உங்க கிட்ட மட்டும்தான் சொன்னேன். அந்தத் தெருவுக்கு ரோந்து அனுப்புங்கன்னு போன்ல..."

"அப்ப நான்தான் சொல்லிட்டேங்கிறியா?"

பளார்!

"கூடப் பொறந்தவளையே காட்டிக் கொடுத்திருக்கான். ஏத்து ஜீப்புல!"

கூடியிருந்த கும்பல் செல்போனை உயர்த்திப் படம் எடுத்தது. பத்தே நிமிடத்தில் அவன் மூஞ்சி ஊரெல்லாம் சுற்றியது. 'தங்கையைக் கொன்ற துரோகி'யாம்! செத்தவளுக்காக ஒரு மூச்சு அழக்கூட விடவில்லை. சே... என்ன ஜனங்களோ!

*

மத்தியானம் மூன்று மணி. பஸ் நிலையத்தில் புருஷன் மாட்டினான்.

ஸ்டேஷனில், பூட்டிய அறையில் அவனும் இன்ஸ்பெக்டரும் மட்டும்.

"உன் மச்சான்தானே சொன்னான்? ஒத்துக்கோ."

அவன் சிரித்தான்.

"அவனா? கால்ல விழுந்து கேட்டேன், வாயே திறக்கல. நெட்ல தேடினேன், அவ சிக்கல. அப்பதான் உங்க ஞாபகம் வந்துது. ரெண்டு வாரமா உங்க பின்னாலயே சுத்தினேன் சார்."

"என் பின்னாலயா?"

"போன சனிக்கிழமை சலூன்ல, உங்க பக்கத்து நாற்காலி. மூஞ்சி பூரா நுரை, அதான் உங்களுக்கு அடையாளம் தெரியல. உங்க தலையில வாராவாரம் பூசற டை. ஸ்பீக்கர்ல போட்டு, 'எந்த மாடி? சத்தமா சொல்லுய்யா'ன்னு கேட்டீங்களே... அவன் சொன்னான். கதவு நம்பர் வரைக்கும்!"

இன்ஸ்பெக்டர் சட்டென்று எழுந்தார்.

வெளியே வந்தார். வராந்தா மூலைக்குப் போய், பிரேதப் பரிசோதனைக்குப் போயிருந்த ரைட்டருக்குப் போன் போட்டார். பழக்க தோஷம்... போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, புருஷன் சொன்னதைச் சொல்லிவிட்டுக் கிசுகிசுத்தார்.

"நீ வந்து வாக்குமூலம் எழுதறப்ப சலூன் கிலூன்னு எதுவும் வரக்கூடாது. அண்ணன் சொன்னதா எழுதிடு."

ரைட்டரின் பதில் வராந்தாவையே அதிர வைத்தது.

"புரிஞ்சுது சார்! நீங்க சலூன்ல ஸ்பீக்கர்ல பேசினதைக் கேட்டுத்தான் அவன் போய்க் கொன்னான். ஆனா பழியை அண்ணன் மேல போடணும். அதானே சார்?"

வராந்தா பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

எஸ்.ஐ. பெஞ்சின் கோடியில் இருந்த அண்ணனிடம் போனாள். அவன் கையில் இருந்த விலங்கைக் கழற்றினாள்.

மறுபடியும் செல்போன்கள் உயர்ந்தன... இந்த முறை இன்ஸ்பெக்டரைப் பார்த்து!

அண்ணன் எழுந்து வந்தான். கன்னம் வீங்கியிருந்தது. கண்ணீர் நிற்கவில்லை. அந்தப் பாதிக் கறுப்புத் தலையை ஒரு கணம் வெறித்துப் பார்த்தான்.

"சார்... டை காஞ்சு ரொம்ப நேரமாச்சு. இனிமேலாவது போனைக் காதுல வச்சுப் பேசுங்க!"