மணல் மெல்லும் சோடி

"ஐயோ... என் மீனு!"

நிஷாந்தினி போட்ட கூச்சலில் ரயில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. கொழும்பிலிருந்து நின்றுகொண்டே வந்த ஒருத்தனுக்குப் பண்டாரவளையில்தான் உட்கார இடம் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் சூட்கேசை மேல்தட்டில் ஏற்றப் போனான். அது சரிந்து, அதன் தகர மூலை அவள் மடியிலிருந்த பொலித்தீன் பையைக் குத்திவிட்டது. குண்டூசி அளவு பொத்தல்தான்... ஆனாலும் உப்புத்தண்ணீர் நூலாக அவளுடைய புதுச் சுரிதாரில் வழிந்தது. பைக்குள் இரண்டு மீன்கள் மிரண்டு சுற்றின.

"கண்ண எங்கங்க வச்சிருக்கீங்க?"

"கண்... இஞ்சைதான் இருக்கு," என்றவன் அவள் கண்களைப் பார்த்துவிட்டான். பார்த்தவன் ஒரு கணம் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து நின்றான். பிறகு சட்டென்று குனிந்து பெருவிரலால் பொத்தலை அடைத்தான். தண்ணீர் நின்றது.

"எடுத்துறாதீங்க! கடத்தண்ணி அது. சிந்திருச்சுன்னா வழியில எங்கயும் கெடைக்காது. எங்க போறீங்க?"

"பதுளைக்கு."

"நானும்தான். பதுளை வரைக்கும் அந்த வெரல எடுக்கக் கூடாது. சொல்லிட்டேன்!"

"ஓம்... எடுக்கமாட்டன்."

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு பை, அதைத் தாங்க நான்கு கைகள், இடித்துக்கொண்டு வெட்கப்படும் முழங்கால்கள்... வெளியே எல்ல மலையில் மழை சாய்ந்து பெய்தது. சாரல் அவள் நெற்றி முடியை நனைத்தது. ஒதுக்கிவிட அவளுக்குக் கை ஒழிந்திருக்கவில்லை. அவன் அதைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"இது என்ன மீன்?"

"கோபி மீனுங்க. மணல் திங்கும்."

"மணலோ? பாவம், அரிசி வாங்க வழியில்லையாக்கும்."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். சிரித்துவிட்டாள். பதுளையில் ஒரு பல் டொக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசை அவளுடையது. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் டொக்டர் ஆசையாசையாகப் பவளப்பாறை போட்ட ஒரு கடல்மீன் தொட்டி வைத்திருந்தார். அதன் அடிமணலில் பழுப்பாகப் பாசி பிடிக்கிறது. இந்த மீன்கள் மணலை வாய் நிறைய அள்ளி, உள்ளேயிருக்கும் புழுபூச்சியைச் சாப்பிட்டுவிட்டு, சுத்தமான மணலைச் செவுள் வழியாக உதிர்த்துவிடும். அவள் சொல்லச் சொல்ல அவன் கண் விரியக் கேட்டான்.

"எப்பவும் சோடியாத்தான் திரியுமோ?"

"ஆமாங்க. ஒரே வளையிலதான் இருக்கும்."

அவன் பெயர் பிரவீணன். ஊர் யாழ்ப்பாணம். நில அளவைக் கந்தோரில் படம் வரைகிற வேலைக்குப் புதிதாக வருகிறான். பதுளை ஸ்டேஷனில் டிக்கெட்டைக் கொடுக்க, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தான். கட்டைச் சுற்றி ரப்பர் பேண்ட்!

நிஷாந்தினிக்கு வாய் பிளந்தது. "இது இருந்துச்சா ஒங்ககிட்ட? பொத்தல சுருட்டிக் கட்டியிருக்கலாமே!"

"கட்டியிருக்கலாம்தான்..." அவன் தரையைப் பார்த்தான். "சொன்னா விரலை எடுக்கச் சொல்லியிருப்பியள்."

அட கள்ளா! அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. சொல்ல வேண்டியதை விழுங்கிக்கொள்வதில் அவன் கெட்டிக்காரன் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அன்றைக்கு அது இனித்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு சனிக்கிழமை தோறும் 'என்ரை மீன்' என்று சொல்லிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தான். பொத்துவிலிலிருந்து மீன் ஏற்றிவரும் புவாத் நானாவின் லொறியில் கேன் கேனாகக் கடல்தண்ணீர் வரும். அவன் சுமந்து உள்ளே வைப்பான். அவள் குழாயை வைத்து மணலை உறிஞ்சி எடுப்பாள்.

"ஒரு மூலை மட்டும்தானோ? முழுக்கக் கழுவினா என்ன?"

"ஐயய்யோ! மண்ணுல இருக்கிற புழுபூச்சியெல்லாம் போயிரும். அப்புறம் இதுக எதத் திங்கும்? கொஞ்சம் அழுக்கு இருக்கணுங்க."

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்துக் காம்பிராவில் பிறந்தவள், அப்பா வீரய்யா இன்னும் தோட்டத்தில்தான் வேலை என்பதையும் அவள் ஒளிக்கவில்லை. "அதுக்கென்ன?" என்றான் அவன். அந்த ஒரே சொல்லில் அவள் விழுந்துவிட்டாள். இந்தச் சனிக்கிழமை சொல்லுவான், அடுத்த சனிக்கிழமை சொல்லுவான் என்று காத்திருந்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவன் வாயைத் திறந்தால்தானே!

ஒரு சனிக்கிழமை அவன் தாயோடு வந்தான். மகனைப் பார்க்க வந்த ஞானேஸ்வரி அம்மாளுக்குப் பல்வலியில் கன்னம் வீங்கிப்போயிருந்தது. நிஷாந்தினி ஓடிப்போய் நாற்காலி போட்டாள். வாய் கொப்பளிக்க உப்புப் போட்ட சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆர் பிள்ளை இது? உன்னைத் தெரிஞ்ச மாதிரிச் சிரிக்குது?"

நிஷாந்தினி அவன் முகத்தையே பார்த்தாள். சொல்லுங்க... சொல்லிருங்க...

பிரவீணன் தொட்டியைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "இது... மீன்தொட்டி துப்புரவாக்கிற பிள்ளை, அம்மா."

பொய் இல்லையே! அதுதான் அவளைக் கொன்றது.

திங்கட்கிழமையே ஓடி வந்தான். "நிஷா, கொஞ்சம் கதைக்கவேணும்..."

"அப்பாயின்மென்ட் இருக்கா, சார்?"

"இல்லை..."

"அப்ப போயிட்டு வாங்க, சார்." எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். அதே கேள்வி, அதே கதவு. அப்புறம் வரவில்லை. வவுனியாவுக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்று புவாத் நானாதான் வந்து சொன்னார்.

டொக்டர் அப்போது வெளிநாட்டில். அவருக்குப் பதிலாக வந்தவர் தொட்டியைக் கவனிப்பதில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்றால் ஆத்திரக்காரிக்கு மட்டும் கூடவா இருக்கும்? 'துப்புரவாக்கிற பிள்ளையா? துப்புரவுன்னா என்னான்னு காட்டுறேன் பாரு!' தினமும் முழு மணலையும் உறிஞ்சிக் கழுவினாள். கறை படும் என்று இறால் துண்டு போடுவதையும் குறைத்தாள். மணல் உப்பு மாதிரி வெளுத்தது. வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள்.

மீன்கள் மட்டும் அள்ளின... மென்றன... உதிர்த்தன... திரும்ப அள்ளின. வயிறு ஒட்டிப்போனதை அவள் கண் பார்த்தது, கோபம் பார்க்கவிடவில்லை. ஒருநாள் காலையில் ஒன்று பவளத்தின் பின்னால் செத்துக் கிடந்தது. மற்றது அதன் பக்கத்திலேயே வெறும் மணலை மென்றுகொண்டிருந்தது. பதறிப்போய் இறாலை நறுக்கிப் போட்டாள். அது திரும்பியும் பார்க்கவில்லை.

ஊர் திரும்பிய டொக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இப்படி வெளுத்து வச்சா அதுகள் எதைத் தின்னும், பிள்ளை?"

இதையேதான் ஒரு காலத்தில் இன்னொருத்தனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் அழுத அழுகையை மீனுக்கென்று டொக்டர் நினைத்துக்கொண்டார்.

வருஷங்கள் ஓடின. போர் முடிந்த மறு வருஷம். ஐப்பசி மழை கொட்டிய ஒரு மாலை. கிளினிக்கில் ஆளே இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு குடை நுழைந்தது. குடைக்குள் ஞானேஸ்வரி அம்மாள். பின்னால், காதோரம் நரைத்த பிரவீணன்.

"பதுளைக்கே திரும்ப மாற்றம் கேட்டு வாங்கி வந்திட்டன்..." என்று ஆரம்பித்தவனின் பார்வை அவள் கழுத்துக்குப் போனது. தாலியில் நின்றது. மெல்லத் தரைக்கு இறங்கியது. ஆமாம்... நிஷாந்தினிக்கு இப்போது மூன்று வயதில் ஒரு மகள். புருஷன் கிருஷ்ணராஜ் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். அவள் வீடு திரும்பப் பிந்தினால் சோறாக்கி மூடி வைத்திருக்கிற, குறை சொல்ல முடியாத மனுஷன்.

அம்மாளுக்குப் பல் செட் கட்ட வேண்டும். பொக்கை வாயோடு அவளை உற்றுப் பார்த்தாள். "ஆர் பிள்ளை இது? எங்கையோ கண்ட முகம்..."

அதே கேள்வி!

"நான் கட்ட ஆசைப்பட்ட பிள்ளை, அம்மா," என்றான் பிரவீணன். "அண்டைக்கு நீங்கள் கேட்கேக்கை, பயத்திலை வேறை என்னவோ சொல்லிப்போட்டன்."

அம்மாள் மகனைப் பார்த்தாள். நிஷாந்தினியின் கழுத்துத் தாலியைப் பார்த்தாள். "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, மோனை... நான் என்ன வேண்டாமெண்டே சொல்லியிருப்பன்? ஏன் கட்டாமல் இருக்கிறாயெண்டு கேட்டுக் கேட்டு என்ரை பல்லும் விழுந்திட்டுது." நிஷாந்தினியின் கன்னத்தைத் தடவிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு டொக்டரின் அறைக்குள் போனாள்.

பிரவீணன் தொட்டியருகே நின்றான். அதில் இப்போது தங்கமீன்கள். அடியில் நீலக் கூழாங்கற்கள்.

"எங்கட சோடி...?"

"செத்துப்போச்சுங்க. நான்தான் கொன்னுட்டேன். ஒரு துளி அழுக்கு இல்லாம மண்ணக் கழுவிக் கழுவி... பட்டினி போட்டு..." அவள் குரல் உடைந்தது. "அம்புட்டுக் கோவம் ஒங்க மேல."

"கோவம் மட்டுமோ?"

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தவள்தானே! ஆனாலும் சொன்னாள். "ஆசைங்க. எனக்கு ஒங்க மேல உசுரு... மூணு நாளும் அந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னு அழுதேன். இன்னும் ஒரு தடவ வந்திருந்தா தொறந்திருப்பேங்க."

பிரவீணன் தொட்டிக் கண்ணாடியில் பெருவிரலை வைத்தான்.

"வந்தனான், நிஷா," என்றான். "வாசற்படி மட்டும் வந்தனான். திரும்பவும் அப்பாயின்மென்ட் கேட்பியள் எண்டு நினைச்சு... அப்பிடியே திரும்பிப் போயிட்டன்."

அவள் வாசற்படியைப் பார்த்தாள். மேசையிலிருந்து ஐந்தாறு அடி இருக்கும். மழைத்தண்ணீர் அதில் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது.

"உள்ள போங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அம்மா தனியா இருக்காங்க."