பின்பக்கத்து போர்ட்

எதையும் செருகாதபோதே அந்தச் சத்தம் வந்தது. கம்ப்யூட்டரில் பென் டிரைவோ போனோ மாட்டினால் ஸ்பீக்கரில் எழுமே, அந்த ‘டு-டும்’. அருள்செல்வி குனிந்து தன் கையைப் பார்த்தாள். பென் டிரைவ் இன்னும் அவள் விரல்களுக்கிடையில்தான் இருந்தது. திரையின் மூலையில் சின்னக் கட்டம் ஒன்று எழுந்து, இணைத்த சாதனம் எதுவென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மறைந்தது.

வெளியே கார்த்திகை மழை மதியத்திலிருந்து விடவில்லை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளின் வரிசையில் அவளுடையது கடைசி வீடு. பொழுது இறங்கும் நேரம்தான் என்றாலும் அறை இருட்டிக் கிடந்தது. ஊறிப்போன சுவரின் சுண்ணாம்பு வாசமும், பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் சூடேறிய தூசியின் வாசமும், இரண்டுக்கும் அடியில் எங்கிருந்தோ வந்த சேற்று நெடியும் அவள் மூக்கை விட்டுப் போகவில்லை. உள்ளே ஹார்ட் டிஸ்க், யாரோ தகரத்தை நகத்தால் சுரண்டுவதுபோல ஓசையிட்டுக்கொண்டிருந்தது.

அதற்குள்தான் அவள் கணவன் சவரிராஜின் குரல் இருந்தது.

போன வருஷம் படகு கவிழ்ந்தபோது கூடப் போனவர்கள் கரைக்கு வந்துவிட்டார்கள். அவன் மட்டும் வரவில்லை; சுனாமியில் போன பலருடையதைப்போல உடலும் ஒதுங்கவில்லை. போனும் அவனோடு போயிற்று. மிஞ்சியது, மகள் சான்ட்ரா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று எடுத்த ஒரு வீடியோ. அதில் அவன் சிரித்துக்கொண்டே யாரையோ சாப்பிடக் கூப்பிடுவான். கொஞ்ச நாளாக அவன் தன்னை எப்படிக் கூப்பிடுவான் என்பதே அவளுக்கு நினைவில் கலங்கிக்கொண்டிருந்தது. முகம் அப்படியே இருந்தது. குரல்தான் கரைந்துகொண்டிருந்தது. இன்று அதைக் கேட்டுவிடலாமென்று கம்ப்யூட்டரைப் போட்டால் படம் ஓடாமல் நின்றது, இந்தச் சுரண்டல் தொடங்கியது.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பரிதிக்குப் போன் செய்திருந்தாள். ரோடெல்லாம் தண்ணீர், நாளைக்குத்தான் வர முடியும் என்றான். போனை கேபினெட் பக்கம் பிடிக்கச் சொல்லி அந்தச் சுரண்டலைக் கேட்டான்.

“டிஸ்க் போகப்போகுதுக்கா. ஆஃப் பண்ணிடாதீங்க, அப்புறம் வராது. கேபினெட்டையும் அசைக்காதீங்க. இப்பவே பென் டிரைவ்ல காப்பி எடுத்துடுங்க.”

முன்பக்கத்து இரண்டு போர்ட்டும் பென் டிரைவை ஏற்கவில்லை. துணியால் துடைத்தாள், ஊதினாள், திருப்பிச் செருகினாள். அவன் முன்பொருமுறை சொல்லிக்கொடுத்தபடி, சாதனங்களின் பட்டியலைத் திறந்து, பெயர் தெரியாத அந்த ஒன்றை நீக்கிவிட்டு மறுபடி தேடவிட்டாள். ஒன்று இருந்த இடத்தில் மூன்று வந்தன. அவற்றையும் நீக்கினாள். திரை ஒருமுறை இமைத்தது. டு-டும். டு-டும். டு-டும். பட்டியல் பக்கத்தின் அடிவரை இறங்கிப்போனது. மவுஸும் கீபோர்டும் தனித் துளையில் செருகும் பழைய உருண்டை பிளக் வகை. அவை இந்தக் கணக்கிலேயே வராது. அந்தப் போர்ட்டுகளில் எதுவுமே மாட்டியிருக்கவில்லை.

மறுபடி பரிதியைக் கூப்பிட்டாள்.

“சில சமயம் ஷார்ட் ஆகி அப்படிக் காட்டும். பின்னாடி இருக்கறதுல போட்டுப் பாருங்கக்கா. அது நேரா மதர்போர்டுலயே இருக்கும்.”

மேஜையோரம் தரையில் நின்ற கேபினெட்டுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. எட்டிப் பார்த்தால் இருட்டுதான் தெரிந்தது. மேஜையில் தோளைச் சாய்த்து, பென் டிரைவைப் பிடித்தபடி கையை உள்ளே விட்டாள். ஒட்டடை. வெதுவெதுப்பான காற்று. தகரத்தின் விளிம்பு. போர்ட்டைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்தினாள்; ஏறவில்லை. திருப்பி அழுத்தினாள். அப்போதும் ஏறவில்லை. சுரண்டும் ஓசை வேகமெடுத்தது. மாதாவே, மாதாவே என்று முனகியபடி மறுபடி திருப்பினாள்.

பென் டிரைவை யாரோ அவள் விரலிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

பிடுங்கவில்லை. மெதுவாக வாங்கினார்கள். பிறகு ‘க்ளிக்’ என்று அது போர்ட்டில் ஏறி அமர்ந்தது.

கையை இழுத்துக்கொள்ள உடம்பு முழுவதும் துடித்தது. திரையில் பென் டிரைவ் திறந்திருந்தது. அவள் இழுக்கவில்லை. இடது கையால் மவுஸைப் பிடித்து, வீடியோவை நகர்த்திப் போட்டாள். காப்பியாவதைக் காட்டும் பச்சைக் கோடு ஊர ஆரம்பித்தது.

சுவர்ப்பக்கம் இருந்த கைக்குள் இன்னொரு கை வந்து அமர்ந்தது. குளிர்ந்து, ஊறிப்போய், உள்ளங்கைத் தோல் சுருங்கிய கை. அது அவள் விரல்களைக் கோத்துக்கொண்டது.

“நீங்களா?”

பிடி லேசாக இறுகியது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயமா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை. இருங்க, போயிடாதீங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கோடு பாதியைத் தாண்டியது. சேற்று நெடி ஏறியது. கோடு முக்கால்வாசிக்கு வந்தது.

கரண்ட் போயிற்று.

திரை அணைந்தது. விசிறி நின்றது. சுரண்டலும் நின்றது. மழைகூடத் தூரமாய் விலகிவிட்டதுபோல் இருந்தது.

கை மட்டும் விடவில்லை.

“விடுங்க. கரண்ட்டைப் பாத்துட்டு வரேன்.”

விடவில்லை. அவள் இழுத்தாள். அப்போது மணிக்கட்டில் இன்னொரு கை விழுந்தது. சின்னக் கை. குழந்தையினுடையது. அதற்கு மேல் வேறொன்று, எலும்பாய், தளர்ந்த வளையலோடு. அதற்கு மேல் இன்னொன்று. முழங்கையில். தோளுக்குக் கீழே. எதுவும் நகத்தைப் பதிக்கவில்லை. பற்றிக்கொண்டன, அவ்வளவுதான். கரையைப் பற்றுவதுபோல.

அவள் கன்னம் ஈரச் சுவரில் மோதியது. இடது கை மேஜை மேல் துழாவிப் போனை எடுத்தது. டார்ச். விரல் வழுக்கியது. மறுபடி.

வெளிச்சம் இடைவெளிக்குள் விழுந்தது.

தரையிலிருந்து மேஜை வரைக்கும், அந்த நாலு விரல் அகலத்தில், கைகள். வெளுத்து, ஊறி, ஒன்றன்மேல் ஒன்றாய் நெருக்கியடித்து, அவளை எட்டாதவை எல்லாம் விரலை விரித்து மூடி, விரித்து மூடி, தங்கள் முறைக்குக் காத்திருந்தன.