அம்பலகாரர் கையால் ஒரு காப்பி

“ஐயோ! என்னையக் கொல்லுறாகளே!”

பாண்டியம்மாளின் அலறல் பரவை கிராமம் முழுக்கக் கேட்டது.

வருஷம் 1937. எதிரே அவள் புருஷன் நல்லகாமன். கையில் ஆவி பறக்கும் கருப்பட்டிக் காப்பி!

சாதாரணப் புருஷனா? சுற்றுவட்டாரத்துக்கே அம்பலகாரர். எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி முட்டிக்கொண்டாலும் தீர்ப்பு அவருடையது. மீசையை ஒரு தடவை தடவினால் பிரிந்த ஜோடி சேரும்... இன்னொரு தடவை தடவினால் சேர்ந்த ஜோடி பிரியும்!

அவர் வீட்டில் மட்டும் தை மாதத்திலிருந்து பேச்சில்லை. பஞ்சாயத்தில் அத்தனை பேர் முன்னாலும் அவளைப் பார்த்து, “பொட்டக் கழுதை, ஒனக்கென்ன தெரியும்?” என்று சொல்லிவிட்டார். அன்று மூடிய வாயை இன்றுதான் திறந்தாள் பாண்டியம்மாள்... அலறுவதற்கு!

கூட்டம் திரண்டது. அவள் தம்பி விருமாண்டி, ஏட்டு கண்ணுச்சாமியையே இழுத்து வந்துவிட்டான்.

“என்னக்கா ஆச்சு?”

“காப்பி குடுக்காருடா!”

“யாரு... மச்சானா?”

“அவரே அடுப்பு ஊதிப் போட்டதாம்!”

கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தது.

“செம்புத் தண்ணியக்கூட தானா எடுத்துக் குடிக்காத ஆளு! வெசந்தான் ஏட்டையா, சந்தேகமே இல்ல!” குதித்தான் விருமாண்டி.

ஏட்டு கனைத்தார். “கோவிச்சுக்கிறாதீக, அம்பலம். நேத்துச் சாயந்திரம் மதுரைக்குப் போனீகளாம்ல... எங்கிட்டு?”

நல்லகாமனுக்கு வேர்த்தது.

போனது மிஷன் பங்களாவுக்கு! தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, தேவசகாயம் பாதிரியார் முன்னால் உட்கார்ந்து, “பொண்டாட்டி பேச மாட்டேங்கிறா, சாமி” என்று அழுதிருந்தார். சொந்த சனத்திடம் சொன்னால் விடிவதற்குள் சந்தைக்கு வந்துவிடும். பாதிரியார் விஷயத்தை வெளியே விடமாட்டார். “உங்க கையால ஏதாவது செஞ்சு குடுங்க. மன்னிப்புக் கேளுங்க” என்று அனுப்பிவைத்தார்.

அதை இப்போது சொன்னால்? அம்பலம் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டார் என்பார்கள். அதைக்கூடப் பொறுக்கலாம். பெண்டாட்டிக்காக அழுதார் என்பார்களே!

“சொல்லுங்க மச்சான்! வெசம் வாங்கத்தான போனீக?”

நல்லகாமன் நெஞ்சை நிமிர்த்தினார்.

“ஆமாடா! வெசந்தான்! மாட்டுங்க வெலங்க!”

சடாரென்று டம்ளரைப் பிடுங்கினாள் பாண்டியம்மாள். ஒரே மடக்கு!

“அக்கா...!”

அவள் விழவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“கருப்பட்டி பத்தல” என்றாள். “செய்யாத கொலைய நெஞ்ச நிமித்தி ஒத்துக்கிறீக. பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்னு சொல்ல மட்டும் வாய் வரலையாக்கும்? ஊரு முன்னால ஏசுனீகள்ல... அதான் ஊரக் கூட்டுனேன்!”

“ஒ... ஒனக்கு எப்பிடி...?”

“பாதிரியாரு வீட்டம்மாகிட்ட எங் கொறையச் சொல்லிக்கிட்டு உள் ரூம்புல இருந்தேன். நடுவுல ஒரு தட்டிதான். நீங்க அழுதது அம்புட்டும் கேட்டுச்சு. நான் மாசியிலருந்து வாராவாரம் போறேன்ல!”

நல்லகாமன் தோள் துண்டை இறக்கினார். ஊரே பார்க்க, மெல்லச் சொன்னார்.

“தப்புத்தான், பாண்டி. அன்னைக்கு அப்பிடிப் பேசிருக்கக் கூடாது.”

அவள் முகம் மலர்ந்தது.

விருமாண்டியின் முகம் மட்டும் சுண்ணாம்பாய் வெளுத்தது!

“எக்கா... வாராவாரமா? அப்ப... போன வாரம் நான் அங்க அழுததும் கேட்டுச்சா?”

“நீ எங்கடா அழுத? ஒப்பாரியில்ல வச்ச!”