சவரியம்மாளுக்கு மூன்று பூச்சு

"எம் பொண்டாட்டி செத்து ஒரு வருசம் முடிஞ்சிபோச்சு. மூச்சு மட்டும் இன்னும் நிக்கல" என்று லூர்துசாமி சொன்னபோது, செம்மண்டலம் டீக்கடையில் ஒருவரும் கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை.

யார் வைப்பார்கள்? பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம் ஊர்ப்பெயர் எழுதி ஓய்வு பெற்ற மனிதர். தான் எழுதிய 'சிதம்பரம்' பலகையை மாட்டினால் டிரைவர் இல்லாமலே வண்டி கீழவீதிக்குப் போய் நிற்கும் என்பார். 'தானே' புயலில் பஸ்ஸின் தகரம் பறந்துபோய், தன் எழுத்து மட்டும் அந்தரத்தில் நின்றது என்பார்.

"அடுத்து இன்னா மாமா, எங்கக்கா வந்து கொழம்பு வெக்கிதா?" என்றான் கதிரவன். சவரியம்மாளின் தம்பி, பெயிண்ட் கடைக்காரன்.

"வந்து பாரு மச்சான்" என்றார் லூர்துசாமி. அவர் சிரிக்கவில்லை.

கொல்லைப்புறத்துப் பழைய சுவர் மழையில் விழுந்துவிட்டதால் புதிதாகக் கான்கிரீட் சுவர் எழுப்பியிருந்தார்கள். ஒரு மாதமாவது ஈரம் காயட்டும் என்றார் கொத்தனார். மனைவியின் முதல் நினைவு நாளுக்கு அவ்வளவு நாள் இல்லை. ஒன்பதாம் நாளே லூர்துசாமி பிரைமர் அடித்துவிட்டார். சமையலறை வாசலுக்கு நேர் எதிரே, நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கைவைத்தபடி, ஆளுயரச் சவரியம்மாளை வரைந்தார். வெயில் மழைக்குத் தாங்க, மேலே ஒருமுறை அடிக்க வேண்டிய 'கிளியர் கோட்' என்னும் நிறமில்லாத பூச்சை மூன்றுமுறை அடித்தார். "இனிமே உள்ள இருக்கிறது வெளிய வராது, வெளிய இருக்கிறது உள்ள போவாது" என்று படத்திடமே பீற்றிக்கொண்டார். பேச வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? மூன்று வேளையும் அவளைப் பார்த்தபடிதான் சோறு.

மூன்றாம் வாரம், ஒரு மத்தியானம், பிசைந்த கவளம் கையிலேயே நின்றுவிட்டது. அவள் நெஞ்சில், சேலை மடிப்புக்கு அடியில், பெயிண்ட் பூரிபோல் உப்பி எழுந்தது. அடங்கியது. மறுபடி எழுந்தது.

டீக்கடையிலிருந்து கூடவே வந்த கதிரவன் அதை விரலால் அழுத்திப் பார்த்துச் சிரித்தான். "ஈரம் மாமா. காய விடாம மூடிட்டீங்க, வெயில்ல உப்புது. மழை பேஞ்சா அடங்கிடும். அடங்கலன்னா நானே வந்து மொத்தத்தையும் சொரண்டிடறேன்."

சுரண்டுவதா? அவளை எத்தனை முறை புதைப்பது? லூர்துசாமி அவன் விரல் பட்ட இடத்தைத் துண்டால் துடைத்தார்.

மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் வெயிலே இல்லை. கூரைத் தகரத்திலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீரும், அழுகிய வேப்பிலை வாடையும், பைபாஸில் நீட்டி அழும் ஹாரனும் எல்லாம் கலந்து கொல்லையை நிறைத்திருக்க, அவற்றுக்குப் பின்னால், பாலிதீன் பையை யாரோ வாயில் வைத்து இழுத்து இழுத்து விடுவதுபோல ஒரு சத்தம் கதவைச் சாத்திய பிறகும் சமையலறைக்குள் வந்தது. தன் மூச்சுத்தான் என்று நினைத்தார். அடக்கிப் பார்த்தார்.

அது நிற்கவில்லை.

வேகம் கூடியது. அந்த வேகம் அவருக்குத் தெரியும். போன வருடம், இளைப்பு கண்ட ராத்திரியில், "ஜன்னல தொறங்களேன்" என்றாள். பனி ஒத்துக்காது என்று கொக்கி போட்டவர் இவர்தான். விடிவதற்குள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

போனை எடுத்தார். "பிளேடு எடுத்துட்டு வா மச்சான். சொரண்ட வேணாம். ஒரே ஒரு ஓட்டை போடு. போதும்."

நாலு மணிக்குக் கதிரவன் குடையோடு வந்தான், கையில் பட்டி பார்க்கும் பிளேடு. சுவரைத் தொட்டான். ஐஸ்போல் இருந்தது. நெஞ்சு உப்பி உப்பித் தணிந்தது.

"ஈரம்தான்" என்றான். குரல் இறங்கிவிட்டது.

கீறினான்.

தண்ணீர் வரவில்லை. காற்றும் வரவில்லை. காற்று உள்ளே போனது. கீறலின் ஓரங்கள் ஒட்டி விலகின. சாரல் துளிகள் அதற்குள் இழுபட்டன. மெல்லிய விசில். பழைய இளைப்பு.

"சவரி" என்றார் லூர்துசாமி.

மடியிலிருந்த கை அசைந்தது. பெயிண்டுக்கு அடியில் ஒரு புடைப்பு. இரண்டு. ஐந்து. நீண்டன. வளையலோடு, மணிக்கட்டோடு, முழங்கையோடு, ரப்பர்போல் இழுபட்டு, சுவரைவிட்டு வெளியே.

கிழியவில்லை. மூன்று பூச்சு.

பிளேடு தரையில் விழுந்தது. குடை சேற்றில் கவிழ்ந்து உருண்டது.

கதிரவனின் முகம் சுவரோடு ஒட்டியிருந்தது. கண் மட்டும் திரும்பி அவரைத் தேடியது.

"நெசந்தான் மாமா" என்றான். "நீங்க சொன்னது நெசந்தான். அக்காவ என் கைய வுடச் சொல்லுங்க."