முந்தானையில் ஒரு பெயர்

கையில் கட்டுடன் வந்தவர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நகரியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சந்துரு என்று பெயர் சொன்னார். முந்தின நாள் அவர் கடைக் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். சில்லுகளைப் பொறுக்கும்போது கை கிழிந்துவிட்டது.

"ஒடைச்சவன் யோகேஷு. எங்கூடப் படிச்சவன் மேடம். அவன் எடத்துல நான் இருந்தாலும் ஒடைச்சிருப்பேன்."

திருப்பதி அலிபிரி சாலையின் அந்த மாடி அறையில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் நீரஜா, கையை நீட்டினாள். சந்துரு கைப்பேசியைக் கொடுத்தார். உதவியாளன் அஷ்வின் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். இந்த முறையாவது அக்காவுக்கு முன்னால் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

படத்தில் ஓர் இளம்பெண். மாம்பழ மஞ்சளில் கட்டம் போட்ட சேலை, வலது தோளிலிருந்து இறங்கும் முந்தானை, இடது கன்னத்தில் மச்சம். கீழே 'நட்புக்கு அழைக்கவும்' என்று எழுதி ஓர் எண். கேவலமான ஏதோ ஓர் இணையப் பக்கத்தில் அது வந்திருந்தது.

"யோகேஷோட தங்கச்சி ரேகா. ஸ்ரீ சிட்டியில வேலை. நாராயணவனத்துல மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் பண்ணாங்க. நான்தான் போட்டோ எடுத்தேன். இதைப் பார்த்துட்டு அவங்க வேணாம்னுட்டாங்க. முந்தானையைப் பெருசு பண்ணிப் பாருங்க மேடம்."

நீரஜா படத்தை விரித்தாள். கட்டங்களுக்கு நடுவே, சேலையைவிட ஒரு சாயல் மட்டும் வெளுத்த எழுத்துகளில் 'சந்துரு ஸ்டுடியோ, நகரி' என்று இருந்தது. தேடினால்தான் கண்ணில் படும். பட்டபின் தெளிவாகப் படிக்க முடிந்தது.

"மூலையில வாட்டர்மார்க் போட்டா வெட்டி எடுத்துடறாங்க. அதனால உள்ளயே தெரியாத மாதிரி போடுவேன். என் படத்தைக் காப்பாத்தப் போட்டது, இப்ப என்னையே மாட்டிவிட்டுடுச்சு."

"யார் யாருக்கு என்ன படம் கொடுத்தீங்க?"

"ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப்பு. அதுல போட்டதெல்லாம் பேர் போட்டது. பேர் போடாதது, இங்க திருப்பதியில ஆல்பம் அடிக்கிற பழனிக்குப் போகும். அவருக்குப் பேர் போட்டது எதுவும் அனுப்பறதில்ல. அப்புறம் ரேகா. ஃப்ரேம் போடணும்னு இந்த ஒரு படத்தை மட்டும் பேர் இல்லாம கேட்டுச்சு."

"பழனி கடை எனக்குத் தெரியும் அக்கா. இப்பவே போய்…" அஷ்வின் எழுந்துவிட்டான்.

"இரு." அதே படத்தைக் குரூப்பில் போட்டபடி காட்டச் சொல்லி, இரண்டையும் அருகருகே வைத்து நீரஜா வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்த எண்ணுக்கு அழைத்தாள். உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் தெலுங்கில் சொன்னது.

சந்துருவை முன்னால் அனுப்பிவிட்டு இருவரும் காரில் நகரிக்குக் கிளம்பினார்கள். புத்தூர் தாண்டும்வரை அஷ்வின் பழனியையே சொல்லிக்கொண்டு வந்தான்.

"முந்தானையை எந்தத் தோள்ல போடுவோம்?" என்று கேட்டாள் நீரஜா.

"இடது…" அஷ்வின் நிறுத்தினான். "அப்போ கண்ணாடியில பார்க்கிற மாதிரி படத்தைத் திருப்பியிருக்காங்க."

"எழுத்து மட்டும் ஏன் திரும்பலை?"

"திருப்பினதுக்கு அப்புறம் ஒட்டியிருக்காங்க. ஆனா அக்கா, குரூப்ல இருக்கிற யாராவது பழைய எழுத்தை அழிச்சுட்டுப் புதுசா ஒட்டியிருக்கலாமே?"

"சந்துரு போட்ட எழுத்து முந்தானை நுனியில இருந்தது. இந்தப் படத்துல அந்த இடத்துல ஒரு கட்டம்கூடக் கலையலை. அழிச்சிருந்தா குழம்பியிருக்கும். ஆக, அவங்க எடுத்துண்டது பேர் இல்லாத படம்."

"அப்போ பழனிதான்."

"ஒட்டின எழுத்து சந்துருவோடதேதான், அச்சு அசல் அதே வடிவம். குரூப்ல இருந்த ஏதோ ஒரு படத்துலேருந்து எடுத்திருக்கணும். பழனி அந்த எழுத்தைப் பார்த்ததே இல்லை. அது மட்டும் இல்லை, கெடுக்க நினைச்சவன் அவளோட நிஜ நம்பரைத்தானே போட்டிருப்பான்? பேர் போட்ட படமும் போடாத படமும் சேர்ந்து யார் கையில இருந்தது?"

அஷ்வினுக்கு விடை தெரிந்துவிட்டது. 

ரேகாவின் வீட்டுப் பின்கட்டில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் சுவரே அதிர்ந்தது. முன்னறையில் நீரஜா அவள் காதருகே குனிந்து, கண்டதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரேகா மறுக்கவில்லை.

"கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகக்கூடாதுன்னாங்க. எனக்கு இஷ்டமில்ல. இதைப் பார்த்தா கம்முனு வெலகிடுவாங்கன்னு நெனைச்சேன்."

"படத்தை ஏன் திருப்பினே?"

"எனக்கு மச்சம் இந்தப் பக்கம்." வலது கன்னத்தைத் தொட்டாள். "என்னிக்காவது யாராவது கேட்டா, அது நான் இல்லன்னு சொல்றதுக்கு."

"சந்துரு பேரு?"

"பேர் இல்லாத படம் எங்கிட்டதான் இருந்துச்சு. மாட்டிக்குவேன்னு பயம். அண்ணன் கடையை ஒடைப்பான்னு நெனைக்கவே இல்ல." 

வழக்கை முடித்த சந்தோஷம் அஷ்வினுக்குத் துளியும் இல்லை. வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"உன் பேரை நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்லை," என்றாள் நீரஜா. "அந்த எழுத்து ஒட்டினதுன்னு மட்டும் சொல்வேன். ஊர் அதை நம்புமான்னு தெரியலை. சந்துருவை இனி யார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவாங்கன்னும் தெரியலை."

 ரேகா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அஷ்வின் பின்தொடர்ந்தான். சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அவள் கீழே இழுத்தாள். தறிகள் எல்லாம் நின்றன. யோகேஷும் அவள் அப்பா பக்கிரிசாமியும் கரண்ட் போய்விட்டதென்று நிமிர்ந்தார்கள்.

"சந்துரு அண்ணன் மேல தப்பு இல்ல," என்றாள் ரேகா. "அந்தப் படத்தைப் போட்டது நான்தான். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

யோகேஷ் ஓரடி முன்னே வந்தான். பக்கிரிசாமி கை நீட்டி அவனைத் தடுத்தார். 

"வேணாம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லம்மா?"

"ரெண்டு தபா சொன்னேன் நைனா," என்றாள் ரேகா. "தறி ஓடிக்கினு இருந்துச்சு."