யார் வீட்டு ஈயம் இது?

“கை கழுவினியா?”

“கழுவிட்டேன்மா.”

“மறுபடியும் கழுவு!”

பள்ளிக்கு விடுமுறை. வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் அம்மா என்னைத் தன் ஆய்வுக்கூடத்துக்கே இழுத்து வந்துவிட்டாள். வந்ததிலிருந்து கழுவிக் கழுவி என் விரலெல்லாம் சுருங்கிப் போய்விட்டது. போதும்டா சாமி!

அம்மாவுக்குப் பனிக்கட்டியை ஆராயும் வேலை. ஃப்ரிட்ஜில் இருக்கும் பனிக்கட்டி இல்லை. துருவப் பகுதியில் ஆழமாகத் துளை போட்டு எடுத்த நீளமான உருளை. அங்கே விழும் பனி உருகாது. பழைய பனிமேல் புதுப் பனி விழுந்து அடுக்கடுக்காக இறுகிவிடும். அந்தந்தக் காலத்துக் காற்றில் இருந்த தூசியும் புகையும் அந்தந்த அடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

எங்கோ இருக்கும் தொழிற்சாலை விட்ட புகையில் இருந்த ஈயம்கூட, ஆளே இல்லாத அந்தப் பனியில் போய் உட்கார்ந்திருக்கிறது. தொழிற்சாலைகள் பெருகிய காலத்து அடுக்கில் ஈயம் அதிகம். அதற்கு ரொம்ப முந்தைய அடுக்கில் இருக்கிறதா இல்லையா என்று தேடும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும்.

‘வேண்டும்’ என்றுதான் சொன்னேன். அம்மா அளந்த பனியில் எல்லா அடுக்கிலும் ஈயம் கொட்டிக் கிடந்தது!

“வெறும் சுத்தமான தண்ணியை வெச்சுப் பார்த்தேன். அதுலயும் ஈயம் காட்டுது,” என்றார் அளக்கும் இயந்திரத்தை இயக்குபவர். நான் அவரை மெஷின் அக்கா என்று கூப்பிடுவேன்.

“அப்போ ஈயம் பனியில இல்ல. இந்த ரூம்லதான் எங்கேயோ இருக்கு.” அம்மா தலையில் அடித்துக்கொள்ளப் போனாள். கையுறை நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

கையுறைகளை மாற்றிப் பார்த்தார்கள். தரையைத் தேய்த்துப் பார்த்தார்கள். வெளியே நாற்காலியில் சிவனே என்று உட்கார்ந்திருந்த என்னிடமிருந்து தலைக் கிளிப்பைப் பிடுங்கினார்கள். பென்சிலையும் பிடுங்கினார்கள்.

“பென்சில்ல ஈயம் இல்லம்மா! நீதானே சொன்னே!”

“சும்மா இரு. எனக்கு இப்போ எதை நம்பறதுன்னே தெரியல.”

அப்போது ஆய்வுக்கூடத்தின் தலைவர் வழக்கம்போல விறுவிறுவென்று உள்ளே போனார். கோட்டு உண்டு, கையுறை உண்டு, தொப்பி மட்டும் கிடையாது. வாரிய முடி கலைந்துவிடுமாம்! அவரிடம் போய் ‘தொப்பி போடுங்க’ என்று யார் சொல்வது? பனி அறுக்கும் மேசைமேல் குனிந்தார். தலையைக் கோதினார். மறுபடி குனிந்தார். எல்லாம் கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது.

வெளியே வந்ததும் எல்லார் முன்னாலும் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

“என்னம்மா இது? எல்லா அடுக்கும் இருக்கற துண்டு இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அதையும் வீணாக்கப் போறீங்களா? சுத்தமா வேலை செய்ய முடியலைன்னா சொல்லிடுங்க. பனியை வேற இடத்துக்கு அனுப்பிடறேன்.”

அம்மாவின் முகம் சுண்டிப் போனது. இந்தப் பனிக்காக அவள் வருஷக்கணக்காகக் காத்திருந்தவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீ என்ன வேடிக்கை பார்க்கறே? போய்க் கை கழுவு!” என்றாள் அம்மா. அவளுக்குத் திட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை.

முணுமுணுத்துக்கொண்டே போனேன். கை கழுவும் இடத்தில், கண்ணாடிக்குக் கீழே ஒரு சீப்பும் சின்னப் புட்டியும் இருந்தன. புட்டியின் ஒட்டுச்சீட்டைப் படித்தேன். ‘நரைமுடியை மெல்ல மெல்லக் கருமையாக்கும். ஈயம் கலந்தது. பூசிய பின் கைகளைக் கழுவவும்.’

ஈயமா!

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். தலைவர்.

“அது என்னோடது. மறந்து வெச்சுட்டேன். குடும்மா.”

“சார், இதுல ஈயம் இருக்காம்.”

“ஆமா, அதுக்கென்ன...” என்றபடி தலையைக் கோதப் போனவர், கை பாதியில் நிற்க, அப்படியே சிலையாகிவிட்டார். “அட கடவுளே!”

கத்தி ஊரைக் கூட்டலாமா என்று எனக்குத் தோன்றியது. வாயைக்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் அவர் அங்கிருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“நரைச்ச தலையோட இருந்தா, எல்லாரும் ‘எப்போ சார் ரிடையர் ஆகறீங்க’ன்னு கேக்கறாங்க. வேலையை விட்டுட்டு வீட்டுல நான் என்ன பண்ணுவேன், சொல்லு?”

பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

“சரி, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க தலைக்குக் குளிங்க. கோட்டை மாத்துங்க. தொப்பி போடுங்க. அந்த ரூமை மறுபடி துடைக்கச் சொல்லுங்க. முக்கியமா, நீங்க உள்ளே போகாதீங்க!”

“உத்தரவு,” என்றார் தலைவர்.

மதியம் மெஷின் அக்கா மறுபடி தண்ணீரை வைத்துப் பார்த்தார். “ஈயம் இல்ல! சுத்தமா இல்ல!” என்று குதித்தார்.

எல்லாரும் வெளியே கூடிவிட்டார்கள். அப்போது அம்மா என்ன செய்தாள் தெரியுமா?

“நான்தான் எங்கேயோ சரியாத் துடைக்காம விட்டிருக்கேன். மன்னிச்சிடுங்க சார்.”

ஐயோ அம்மா! எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு தலைவரையே முறைத்தேன்.

அவர் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். ஈரமுடி நாலா பக்கமும் நட்டுக்கொண்டு நின்றது.

“மன்னிப்பு கேக்க வேண்டியது நான். பழி என் தலையிலதாம்மா. பேச்சுக்குச் சொல்லல, நிஜமாவே என் தலையிலதான். நான் பூசற சாயத்துல ஈயம் இருக்கு. எல்லார் முன்னாலயும் உங்களைத் திட்டினேன். எல்லார் முன்னாலயும் சொல்றேன், உங்க வேலையில ஒரு குறையும் இல்ல.”

மெஷின் அக்கா ‘க்ளுக்’ என்று சிரித்துவிட்டு இருமல் வந்தது போல நடித்தார். அம்மா தலைவரின் தலையைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“உனக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“என்னைக் கேக்காதே. நான் வாக்குக் குடுத்திருக்கேன்.”

சாயங்காலம் அம்மாவே அந்தக் கடைசித் துண்டை அறுத்தாள். மிகப் பழைய அடுக்கில் ஈயம் தேடினாலும் கிடைக்காத அளவுதான். தொழிற்சாலைக் காலத்து அடுக்கு வந்ததும் திரையில் கோடு விர்ரென்று மேலே ஏறியது. அம்மா உள்ளிருந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். முகமெல்லாம் சிரிப்பு.

தலைவர் வெளியே என் பக்கத்து நாற்காலியில் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தார். எழுந்து போய்க் கதவுப்பிடியில் கை வைத்தார்.

“ஒரே ஒரு நிமிஷம். எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்.”

“சார்! பேசாம உக்காருங்க, எனக்கு மறைக்குது!”

உட்கார்ந்துவிட்டார்.