எட்டாவது மாற்று

ஐந்தாவது முறை ஹெட்போனை மாட்டிவிட்ட கை, நான்காவது முறை மாட்டிவிட்ட கையைவிட நிதானமாக இருந்தது.

கண்ணைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அக்காவின் கை அப்படிப்பட்டதில்லை. பல் மருத்துவரிடம் உதவியாளராக நாளெல்லாம் அடுத்தவர் வாயைத் திறந்து பிடிக்கிற கை; டக்கென்று மாட்டும், டக்கென்று கழற்றும், காது மடல் மடங்கி நசுங்கினாலும் கண்டுகொள்ளாது. இந்தக் கை மடலை முதலில் நிமிர்த்தியது. பஞ்சு வளையத்தை அதைச் சுற்றிப் பதமாகப் படியவைத்தது. பிறகு, சரியாக உட்கார்ந்ததா என்று யோசிப்பதுபோல, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

இப்போதுதான் அக்கறை வந்திருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டான். வாய்விட்டுச் சொல்ல முடியாது. பேசினால் டெஸ்ட் செல்லாது.

எல்லாம் அவன் எழுதிய ஒரு விமர்சனத்தால் வந்த வினை. விலை உயர்ந்த ஹெட்போன் ஒன்றைப் பற்றி, பின்புறம் வலைபோல் திறந்திருக்கிற வகை அது, போன மாதம் இணையதளத்தில் எழுதியிருந்தான்: இதைக் கேட்ட காது இதேபோல் வலை முதுகோடு வருகிற அந்த மலிவானதை இனிமேல் தொடாது, கொடுக்கிற காசு மொத்தமும் தகும். அதன் கீழே ஒருவன், "விலையைக் கேட்டாத்தான் இவனுக்குக் காதே தொறக்கும் போல" என்று எழுத, நானூறு பேர் சிரித்துவைத்தார்கள். தளத்தின் ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

"கண்ணைக் கட்டிக்கிட்டு ரெண்டையும் பிரிச்சுச் சொல்லு. பத்துக்கு ஒம்பது சரியா இருக்கணும். கேமரா ஓடணும், நடுவுல ஒரு வெட்டுகூட இருக்கக் கூடாது. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வீடியோ வரலேன்னா அந்த விமர்சனத்தையும் எடுத்துடறேன், உன்னையும் எடுத்துடறேன்."

அதனால்தான் இந்த மத்தியானக் கூத்து. தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று இரண்டிலும் ஒரே மாதிரிப் பஞ்சு வளையம் மாட்டி, எடை குறைந்த மலிவானதன் பட்டையில் ஈயத் துண்டு ஒட்டியிருந்தான். இரண்டிலும் ஒரே பாட்டு, ஒரே அளவில், நிற்காமல் ஓடும். காதில் இல்லாதது மேஜைமேல் தலையணைக்கு அடியில் கிடக்கும். இல்லாவிட்டால் திறந்த முதுகு வழியாக அதுவும் பாடிக் காட்டிக்கொடுத்துவிடும். அக்கா காசைச் சுண்டிப் போட்டு, விழுந்தபடி ஒன்றை மாட்டுவாள். விலை உயர்ந்தது என்றால் அவன் ஒரு விரல் காட்ட வேண்டும், மலிவானது என்றால் இரண்டு.

"பல்லு புடுங்கறதுக்குக்கூட எங்க டாக்டர் இவ்ளோ ரூல் போடமாட்டாரு," என்றாள் அக்கா, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே. "வலிச்சா கையைத் தூக்கு."

"விளையாடாதக்கா. தும்மல் வந்தாலும் அடக்கிக்கோ. நீ வாயத் தொறந்தா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"அப்படியே ஆகட்டும், ஐயா."

காலையிலிருந்து இரண்டு முறை கெட்டுப்போயிருந்தது. ஒரு முறை துணி நழுவியது, ஒரு முறை அக்கா "அய்யோ, இது இல்ல" என்றாள். இது மூன்றாவது. இன்னொன்றுக்கு நேரம் இல்லை.

ஆனால் உண்மையான வயிற்றெரிச்சல் வேறு, அதை அவன் யாரிடமும் சொல்லப்போவதில்லை: அவனுக்குத் தெரியவில்லை. முதல் நான்கும் குத்துமதிப்பு. அதே பாடகி, அதே மூச்சு, அதே மத்தளம். எந்தத் தங்கத்தை எந்தத் தகரத்திலிருந்து பிரிப்பது? மூன்று வருடமாகக் காதை வைத்துப் பிழைத்தவன், காதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு விரல் காட்டினான்.

ஐந்தாவது கழன்றது. ஆறாவது வந்தது.

அதே நிதானம். அக்கா கையில் எப்போதும் இருக்கிற அந்தக் காரமான கிருமிநாசினி வாடை வரவில்லை. பதிலுக்கு, பல நாள் திறக்காத அலமாரிக்குள் ஈரத்துணி கிடந்தால் வருமே, அந்த வாடை. அதுவும் முகத்துக்கு நேராக வராமல் மேலிருந்து கசிந்து இறங்குவதுபோல. மழைக்காலம், சுவர் ஊறியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். மாட்டி முடித்த கை இந்த முறையும் உடனே போகவில்லை. நெற்றியோரம் விழுந்த முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியது.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேமரா ஓடுகிறது, நானூறு பேர் பார்க்கப்போகிறார்கள், இவள் தலை வாரிவிடுகிறாள். கையை அசைத்து, சீக்கிரம் என்று சைகை காட்டினான். ஒரு விரல் நீட்டினான்.

ஏழாவது. இரண்டு விரல்.

எட்டாவது மாட்டப்பட்டபோது அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இது வேறு. சத்தியமாக வேறு. பாடகி தலைக்குள் பாடவில்லை. வெளியே, வலதுபக்கம், கையெட்டும் தூரத்தில் நின்று பாடினாள். மத்தளம் அவளுக்கு அருகில். அறையின் அகலம் கேட்டது, மின்விசிறி கேட்டது, தெருவில் போகிற சைக்கிள் மணி கேட்டது. சத்தம்தான் கொஞ்சம் குறைச்சல். அக்கா எதையோ திருகித் தொலைத்திருக்கிறாள். போகட்டும். உச்சந்தலையில் பட்டையின் அழுத்தமே இல்லை. நல்ல ஹெட்போன் என்றால் மாட்டியிருப்பதே மறந்துபோகும் என்று அவனே எழுதியிருக்கிறான். அழுதுவிடலாம் போலிருந்தது. விமர்சனம் பொய்யில்லை. காது பழுதில்லை. ஒரு விரலை உயர்த்தினான், கேமராவுக்கு நன்றாகத் தெரியும்படி.

அப்போது வாசல் கதவு தட்டப்பட்டது.

"டேய். கதவத் திற."

அக்காவின் குரல். இரண்டு அறைக்கு அப்பால், மூடிய கதவுக்கு அந்தப்பக்கம்.

"கேக்குதா? கீழ கொரியர்காரன் கத்திக்கிட்டிருந்தான், நான் ஓடிட்டேன். திரும்பி வந்தா கதவு சாத்திக்கிச்சு. சாவி உள்ள இருக்கு."

அவன் அசையவில்லை. உயர்த்திய விரல் உயர்ந்தபடியே இருந்தது.

"நாலாவதை மாட்டிவிட்டுட்டுப் போனேனே, இன்னுமா அதையே கேட்டுக்கிட்டிருக்க? எழுந்து வாடா. உன் டெஸ்ட் கெட்டாக் கெட்டுட்டுப் போகுது."

நான்காவதை.

விளையாடுகிறாள். வேண்டுமென்றே, அவன் துணியை அவிழ்க்க வேண்டும் என்று, அவிழ்த்தால் சிரிக்க வேண்டும் என்று. இப்போது அவிழ்த்தால் எட்டும் போச்சு. நேரம் இல்லை. காதுக்குள் கிடைத்த அந்த அருமையான ஒலி போச்சு. ஆசிரியர் போச்சு. அவன் துணியில் கை வைக்கவில்லை.

அதற்குப் பதிலாக வலது கையை மெல்ல மேஜைப்பக்கம் நீட்டினான். எது மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். எது காதில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மேஜை விளிம்பு. நோட்டு. பேனா. தலையணை.

தலையணைக்கு அடியில் எதுவும் இல்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளித் துழாவினான். குளிர்ந்த வலை. பஞ்சு வளையம். பட்டையில் ஈயத் துண்டு. மலிவானது. விரல் நுனியில் பாட்டு அதிர்ந்தது.

அப்படியானால் காதில் இருப்பது மற்றது. சரிதான். எட்டாவதும் சரி.

கையை எடுக்கும்போது அதன் பக்கத்தில் இன்னொரு வலை பட்டது.

இன்னொரு பட்டை. ஈயம் இல்லை. அதுவும் அதிர்ந்தது.

இரண்டும் அங்கே இருந்தன. பாடகி அங்கேதான் நின்றாள். வலதுபக்கம். கையெட்டும் தூரத்தில்.

"டேய், என்னடா பண்ற உள்ள?" அக்கா கதவை உலுக்கினாள். அவள் குரலில் இப்போது கிண்டல் இல்லை. "பேசுடா."

காதைச் சுற்றியிருந்தது வெதுவெதுப்பாக இருந்தது. லேசாக அழுத்தியது.

உச்சந்தலையைத் தொட்டான். பட்டை இல்லை. முடிதான். கையைப் பக்கவாட்டில் இறக்கினான். தோல். ஈரமான, மெல்லிய தோல், அதற்கு அடியில் எலும்பு. விரல்கள். அவனுடைய காது மடலைக் கசங்காமல் ஏந்திக்கொண்டிருந்த விரல்கள்.

துணியை அவிழ்க்க இப்போது அவனுக்கு யாரும் தடை சொல்லவில்லை. அவன்தான் சொன்னான். வேண்டாம். வேண்டாம்.

மணிக்கட்டு வந்தது. பின்னால் போகும் என்று நினைத்தான். நாற்காலிக்குப் பின்னால், நிற்கிற ஆளிடம்.

போகவில்லை. மேலே போனது.

அதைத் தடவிக்கொண்டே கையை உயர்த்தினான். நாற்காலியிலிருந்து எழுந்தான்; உள்ளங்கைகள் காதை விடாமல் கூடவே எழுந்தன. குதிகாலைத் தூக்கினான். விரல் நுனிவரை நீட்டினான், கூரையைப் பார்த்து.

முழங்கை இன்னும் வரவில்லை.